ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சளி



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டிலும், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டிலும் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஸ்கேனில் குழந்தையின் இடது நுரையீரலில் ஒரு பகுதி மட்டும் வித்தியாசமாகத் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை விட, வீட்டில் நடந்த பேச்சுதான் அவளை அதிகம் கலங்க வைத்திருக்கிறது. கிரகணத்தன்று வெளியே போனாயா, பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் குலுங்கக் குலுங்கப் போனாயா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "டீச்சர், நான் என்னா தப்பு பண்ணேன்?"

அவளுக்கு அன்றைக்குப் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்னால் இன்னொரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். இதில் என்னுடைய தவறும் இருக்கிறது. அவனிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்றான்.

1995-ல் அவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரன். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் பத்து நாள், பதினைந்து நாள் வர மாட்டான். காய்ச்சல், இருமல், மஞ்சளாகச் சளி, இடது விலாவில் குத்துவலி. ஊசி போட்டு மாத்திரை தின்றால் சரியாகிவிடும். தை, மாசியில் மறுபடியும் வரும். அவன் அம்மா மல்லாட்டை பிடுங்கப் போகிற கூலி வேலையை விட்டுவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்.

அந்த வருஷம் ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் நிழல் தெரிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை. இருந்தாலும் டிபியாகத்தான் இருக்கும் என்று மருந்து ஆரம்பித்தார்கள். அந்த மாத்திரையில் ஒன்று சிறுநீரைச் செந்நிறமாக ஆக்கும். அதைப் பார்த்து அவன் பயந்து அழுததாக அவன் அம்மா சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனைக் கடைசி வரிசையில், வாசல் ஓரமாகத் தனியாக உட்கார வைத்தேன். தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர், சத்துணவுக்குத் தனித் தட்டு. மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரே வாரத்தில் அவன் பெயரே "டிபி" ஆகிவிட்டது. ஆறாம் வகுப்புக்குப் போனவன் பாதியில் நின்றுவிட்டான்.

நம்ம பக்கத்தில் அந்தக் காலத்தில் டிபி என்றாலே தாம்பரம் சானடோரியம் என்றுதான் பேச்சு. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து ஆரம்பித்த இடம் அது. ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. அங்கே போனவர் திரும்பமாட்டார் என்ற பயம் எங்கள் தலைமுறையின் மனதில் ஊறிப்போயிருந்தது. ஆனால் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வு 1959-லேயே வெளிவந்துவிட்டது. டிபி நோயாளி வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும், சானடோரியத்தில் இருப்பது போலவே குணமாகிறார், கூட இருப்பவர்களுக்கும் அதனால் தனி ஆபத்து இல்லை என்று காட்டிய ஆய்வு. அதைப் பார்த்து உலகமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. நம்ம மெட்ராஸில் நிரூபித்த பாடம் 36 வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு டிபியே இருந்திருந்தாலும் நான் செய்தது தப்புதான்.

பதினாறு வயதில் அவனுக்கு மறுபடியும் அதே இருமல். மறுபடியும் எக்ஸ்ரே, மறுபடியும் டிபி மருந்து. 2009-ல், 24 வயதில், லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தபோது இருமலோடு ரத்தம் வந்தது. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஓர் இளம் டாக்டர், வேறு எதுவும் கேட்பதற்கு முன்னால் கேட்டாராம்: "பழைய படம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, காசு கொடுத்து எடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக, எக்ஸ்ரே படங்களை உரச்சாக்கில் சுற்றிப் பரணில் போட்டு வைத்திருந்தார். 1995-ல் எடுத்தது, 2001-ல் எடுத்தது, அன்றைக்கு எடுத்தது என மூன்றையும் வரிசையாக வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார் டாக்டர். மூன்றிலும் நிழல் ஒரே இடத்தில். இடது பக்கம், அடியில், இதயத்துக்குப் பின்னால். "பதினாலு வருஷமா நோய் இடம் மாறலன்னா, அந்த இடத்துலயே ஏதோ இருக்கு" என்றாராம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்குழாய் தெரிவதற்கான மருந்தை ஊசியில் ஏற்றி. விஷயம் வெளியே வந்துவிட்டது. அது டிபியே இல்லை. பிறக்கும்போதே இருந்த கோளாறு.

அதன் பெயர் பல்மனரி சீக்வெஸ்ட்ரேஷன். வாயில் நுழைய வேண்டாம், விஷயம் மட்டும் புரிந்தால் போதும். வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன்.

நம் நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் வரும் தண்ணீர் மடை திறந்து ஒவ்வொரு பாத்தியாகப் பாயும். நுரையீரலும் அப்படித்தான். மூச்சுக்குழாய் பெரிய வாய்க்கால், அதன் கிளைகள் சின்ன வாய்க்கால்கள். ஒவ்வொரு பகுதிக்கும் காற்று வந்து போக ஒரு மடை உண்டு. இந்தக் கோளாறில், நுரையீரலின் ஒரு துண்டுக்கு மட்டும் அந்த மடை இருக்காது. மூச்சுக்குழாயோடு தொடர்பில்லாமல் அது ஒதுங்கிக் கிடக்கும். ரத்தம் வருவதும் வேறு வழியில். மற்ற பகுதிகளுக்கு நுரையீரல் தமனியிலிருந்து ரத்தம் வரும், அதில் அழுத்தம் குறைவு, சுமார் 25. இந்தத் துண்டுக்கோ உடம்புக்கெல்லாம் ரத்தம் கொடுக்கிற பெருந்தமனியிலிருந்தே நேராக ஒரு கிளை போகும். அங்கே அழுத்தம் 120. பாத்திக்கு வாய்க்கால் மடை இல்லை, ஆனால் போர் மோட்டாரிலிருந்து நேராக ஒரு குழாய் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மடை இல்லாவிட்டாலும், பக்கத்தில் உள்ள நல்ல நுரையீரலின் நுண்ணிய துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். உள்ளே சேர்ந்த சளி வெளியே வர வழி கிடையாது. அதனால்தான் அங்கேயே அழுகும், சீழ் பிடிக்கும், மருந்து தின்றால் அடங்கும், மறுபடி வரும். அழுத்தம் அதிகமான ரத்தம் பாய்வதால்தான் சில பேருக்கு இருமலில் ரத்தம் வருகிறது.

இதில் இரண்டு வகை. துண்டு நுரையீரலுக்கு உள்ளேயே புதைந்திருப்பது ஒன்று, நான்கில் மூன்று பங்கு இதுதான். அவனுக்கு இருந்ததும் இதுவே. தனி உறையோடு, குட்டி நுரையீரல் போல வெளியே இருப்பது இன்னொன்று. பெரும்பாலும் இடது பக்கத்தின் அடிப்பகுதியில்தான் வரும். 1861-லேயே மருத்துவர்கள் இப்படிப்பட்ட துண்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சீக்வெஸ்ட்ரேஷன் என்ற பெயரை இதற்கு நிலைக்க வைத்தது இங்கிலாந்து மருத்துவர் பிரைஸ், 1946-ல். அபூர்வமான கோளாறுதான். பிறவி நுரையீரல் கோளாறுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கெடுத்தாலும் அதில் நூற்றுக்கு ஆறேழுக்கு மேல் இது இருக்காது என்கிறார்கள். இளவயது வரைக்கும் ஒன்றும் தெரியாமல் போகிறவர்களும் உண்டு.

அறுவை சிகிச்சை செய்து அவனுடைய இடது நுரையீரலின் அடிமடலை எடுத்துவிட்டார்கள். அந்த வேண்டாத தமனி எங்கிருந்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது இதில் உயிர் காக்கும் விஷயம். தெரியாமல் வெட்டிவிட்டால் ரத்தப்போக்கை நிறுத்துவது கஷ்டம். அதற்குத்தான் அந்த சி.டி. ஸ்கேன். இப்போது அவன் சொந்தமாக மினி லாரி ஓட்டுகிறான். இரண்டு பிள்ளைகள். மழைக்காலத்தில் ஒரு தும்மலோடு சரி.

புதுவீடு கட்டிக் கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க வந்தபோதுதான் இதையெல்லாம் சொன்னான். "டீச்சர், டாக்டர் ஒரு பேரு சொன்னாரு, வாயில நுழையல. அர்த்தம் மட்டும் கேட்டேன். 'ஒதுக்கி வெச்சது'ன்னாரு." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அந்த வாசல் ஓரத்து இடம் ஞாபகம் வந்து, காபி போடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன். அப்புறம் வந்து, "என்னை மன்னிச்சிடுப்பா" என்று கேட்டேன். "அய்யோ, வுடுங்க டீச்சர்" என்றான். அவன் விட்டுவிட்டான். என்னால் இன்னும் முடியவில்லை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

முதல் தடவை டிபி என்று சந்தேகப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். உலகத்தில் உள்ள டிபி நோயாளிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இந்தியர். நம் நாட்டில் விடாத இருமலுக்கு டிபியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிபி மருந்தைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாராவது "எனக்கு டிபியாக இருக்காது" என்று மாத்திரையை நிறுத்தினால், நான் எழுதியதே பாவமாகிவிடும்.

நான் சொல்வது இரண்டாவது தடவையைப் பற்றி. கிருமி கண்ணில் படவில்லை, மருந்து முழுதும் சாப்பிட்டாகிவிட்டது, அதே இடத்தில் நிழல் மறுபடியும் வருகிறது. அப்போது பழைய பெயரையே மறுபடி எழுதக் கூடாது. "ஏன் அதே இடம்?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். டாக்டர் கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கு டிபி பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில்தான் வரும். அடிப்பகுதியில், அதுவும் ஒரே மூலையில், திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அந்தக் கேள்விக்கு இன்னும் நியாயம் உண்டு.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. நோய்க்குச் சீக்கிரம் ஒரு பேர் வைத்துவிடுவோம். டிபி, வீசிங், சளி உடம்பு, கிரகண தோஷம், தாயின் தவறு. பேர் வைத்தவுடன் மனதுக்கு ஒரு நிம்மதி, அதற்கு மேல் யோசிக்க மாட்டோம். அந்தப் பிள்ளைக்கு 14 வருஷத்தையும் படிப்பையும் பறித்தது அந்தக் கோளாறு மட்டும் இல்லை, அவசரமாக வைத்த பேரும்தான். அதில் நானும் ஒருத்தி. என் கையில் வருகைப் பதிவேடு இருந்தது. எந்த மாதத்தில், எத்தனை நாள், ஏன் வரவில்லை என்று அவன் வரிசையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டுக் கையெழுத்துப் போட்டேனே தவிர, ஒரு நாளும் அதைப் படிக்கவில்லை.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். 2013 முதல் தேசிய அளவில் ஒரு திட்டம் இருக்கிறது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து, பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பிறவிக் கோளாறு, சத்துக்குறைவு எல்லாம் பார்க்கிறார்கள். இப்போது பணியில் இருக்கும் என் மாணவ ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் குழு வரும் நாளில் எடையும் உயரமும் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். மழைக்காலம் தோறும் காணாமல் போகிற பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். இது உங்களால் மட்டும்தான் முடியும். வந்த டாக்டருக்கு அது தெரிய வழியே இல்லை.

இனி, அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

குழந்தையின் நுரையீரல் எப்போது உருவாக ஆரம்பிக்கிறது தெரியுமா? கரு தரித்த நான்காவது வாரத்தில். அதாவது நாள் தள்ளிப்போய் ஓர் இரண்டு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். உணவுக்குழாயாக மாறப்போகிற சின்னக் குழாயிலிருந்து ஒரு மொட்டு கிளம்பும். அதுதான் கிளைவிட்டு நுரையீரலாகிறது. சில கருக்களில் கூடுதலாக ஒரு மொட்டு கிளம்பி, தனக்கென்று ரத்தக்குழாயை வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது என்றுதான் மருத்துவர்கள் விளக்குகிறார்கள். பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே உறுதியாகாத நேரம் அது. கிரகணமும் இல்லை, பப்பாளியும் இல்லை, வண்டியும் இல்லை. பெரும்பாலும் இது பரம்பரையாகவும் வருவதில்லை. எனவே "உன் வம்சத்துல யாருக்கு இருந்தது" என்ற கேள்வியும் வேண்டாம்.

அவளுடைய ஸ்கேனில் தெரிந்தது இந்தத் துண்டாகவும் இருக்கலாம், அல்லது நுரையீரலின் ஒரு பகுதியில் நீர்க்கட்டிகள் போல வருகிற இன்னொரு பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம். சி.பி.ஏ.எம். என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துத்தான் பிரித்துச் சொல்வார்கள். இப்படிக் கண்டுபிடிக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாக மூச்சுவிட்டுத்தான் பிறக்கிறார்கள். சில கட்டிகள் கடைசி மாதங்களில் ஸ்கேனில் மறைந்ததுபோலவே ஆகிவிடும். குழந்தையின் உடம்பில் நீர் கோத்துக்கொண்டால்தான் கவலை, அதைத்தான் அடுத்தடுத்த ஸ்கேனில் கவனிப்பார்கள்.

எனக்குத் தெரிந்த அளவில், நான் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவள், அவ்வளவுதான். கடைசி வார்த்தை டாக்டருடையது.

1. ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவற விடாதீர்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டியது. அது ஆணா பெண்ணா என்று பார்க்கிற ஸ்கேன் இல்லை, அப்படிக் கேட்பதே சட்டப்படி குற்றம். குழந்தையின் உறுப்புகள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன்.

2. நுரையீரலில் ஏதோ தெரிகிறது என்றால், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரும் உள்ள இடத்தில் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வலி வந்த பிறகு ஓடுவதை விட, இப்போதே ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருவது நல்லது.

3. குழந்தை பிறந்து நன்றாக அழுதது, பால் குடிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். சில மாதங்களில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். அறுவை சிகிச்சையா, கவனித்துக்கொண்டே இருப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

4. எந்த வயதானாலும், ஒரே பிள்ளைக்கு நிமோனியா இரண்டு மூன்று தடவை வந்தால், "ஒரே பக்கமா, ஒரே இடமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

5. படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரே பையில் வையுங்கள். இப்போது சில இடங்களில் படத்தை போனில் அனுப்பிவிடுகிறார்கள். போன் மாற்றினால் அதுவும் போய்விடும், ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இந்த ஐந்தாவதுதான் மிக முக்கியம் என்பேன். பெரிய இயந்திரங்கள் எல்லாம் கடைசியில்தான் வந்தன. விஷயத்தைத் திறந்தது ஓர் உரச்சாக்கும், பழைய படம் இருக்கா என்று கேட்ட ஓர் இளைஞரும்தான். அந்த அம்மாவுக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் தன் பிள்ளையைப் பற்றிய ஒரு காகிதம் என்று தெரிந்திருந்தது. படித்த நான் பதிவேட்டை மூடி வைத்தேன். படிக்காத அவர் படத்தை எடுத்து வைத்தார். அந்த அம்மா போன வருஷம் தவறிவிட்டார். இந்தப் பதிவு அவருக்குத்தான்.

அந்தப் பெண் போன வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். கூடப் போனது அவள் மாமியார்தான். நான் அந்த அம்மாவோடு போனில் பத்து நிமிஷம் பேசினேன். முதலில் கோபமாகத்தான் இருந்தார். நான்காவது வாரக் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்போ எங்க பொண்ணு மேல தப்பு இல்லன்றீங்க" என்றார். மருமகளை "எங்க பொண்ணு" என்றதே எனக்குப் போதுமாக இருந்தது. நீர் எதுவும் கோக்கவில்லை, நான்கு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நல்லபடியாகப் பிரசவம் ஆக நீங்களும் மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டுப் பரணிலும் பீரோவின் அடியிலும் ஒருமுறை பாருங்கள். பழைய படம் இருந்தால் தூசி தட்டி, தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். இது நான் கொடுக்கிற வீட்டுப்பாடம். செய்தவர்கள் கீழே "செய்துவிட்டேன் டீச்சர்" என்று எழுதுங்கள், வழக்கம் போல மதிப்பெண் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வல்லம்.